எல்ஈடி மின்ன வைத்தாச்சு, அடுத்து என்ன? வீட்டிலேயே சர்க்யூட் கட்டி எலக்ட்ரானிக்ஸில் அடுத்த படிக்குப் போவது பற்றி

#1 டெல்டா_ரிலே

எல்லாருக்கும் வணக்கம். நான் பி.காம் படிச்சவன், மன்னார்குடி பக்கம் ஒரு அரிசி மண்டியில கணக்கு எழுதுறேன். எலக்ட்ரானிக்ஸ் மேல சின்ன வயசுலேருந்து ஆசை. ஓம் விதி தெரியும், ரெசிஸ்டர் கலர் கோடு படிப்பேன், 555 டைமர் ஐசி வச்சு எல்ஈடி மின்ன வச்சிருக்கேன், ஆர்டுயினோங்கிற சின்ன கம்ப்யூட்டர் போர்டுல வெப்பநிலை சென்சார், சின்ன டிஸ்ப்ளே எல்லாம் ஓட்டியிருக்கேன்.

வீடியோவைப் பார்த்து அப்படியே கட்டினா வேலை செய்யுது. ஆனா அந்த இடத்துல ஏன் 10கே (10,000 ஓம்) ரெசிஸ்டர், ஏன் 4.7கே போடலன்னு யாராவது கேட்டா என்கிட்ட பதில் இல்ல. அதுதான் உறுத்துது. பொறியியல் புத்தகத்தை எடுத்தா முதல் அத்தியாயத்துலயே எலக்ட்ரான், ஹோல், ஆற்றல் பட்டைன்னு ஆரம்பிச்சு பாதியில விட்டுடுறேன்.

கையால கட்டிக் கட்டியே அடுத்த நிலைக்குப் போகணும். எந்த வரிசையில கட்டலாம்? ஓசிலாஸ்கோப் (மின் அலை வடிவத்தைத் திரையில காட்டுற கருவி) இல்லாம முடியுமா? மாசம் ஆயிரம் ரூபா வரைக்கும் ஒதுக்க முடியும். ஒரு மல்டிமீட்டர் (ஆட்டோ ரேஞ்ச்), 25 வாட் சால்டரிங் அயர்ன், ரெண்டு பிரெட்போர்டு (சால்டர் பண்ணாம பார்ட்ஸைச் செருகிக் கட்டுற துளைப் பலகை) இருக்கு.

#2 ரிச்சி_வாசி

முதல்ல ஒண்ணு. "நாற்பது சென்சார் அடங்கிய கிட்" மாதிரி எதையும் வாங்காதீங்க தம்பி. அதுல வர்றது எல்லாம் ஏற்கெனவே யாரோ கட்டி முடிச்ச சின்னச் சின்ன போர்டு. நீங்க கத்துக்கவேண்டிய சர்க்யூட் அந்த போர்டுக்குள்ளயே முடிஞ்சு போயிருக்கும்.

உதிரியா வாங்குங்க. கால் வாட் ரெசிஸ்டர்ல 100 ஓம்லேருந்து 1 மெக் வரைக்கும் முக்கியமான மதிப்பெல்லாம், பிசி547, பிசி557 டிரான்சிஸ்டர், 1என்4007, 1என்4148 டையோடு, எல்எம்317 வோல்ட்டேஜ் ரெகுலேட்டர், எல்எம்358 ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்குற ஐசி), 555, 104 (0.1 மைக்ரோ ஃபாரட்) செராமிக் கண்டென்சர் ஒரு கை நிறைய, 1000 மைக்ரோவும் 4700 மைக்ரோவும் (25 வோல்ட்), ரெண்டு மூணு பிரிசெட் (திருப்பி மதிப்பை மாத்துற ரெசிஸ்டர்). சென்னை வந்தா ரிச்சி தெருவுல ஒரு நடை சுத்தினா எல்லாம் கிடைச்சிடும். எல்லாத்தையும் ஒரே கடையில எடுக்காதீங்க. டிரான்சிஸ்டரை வேணும்னே ரெண்டு கடையில வாங்குங்க, காரணம் பின்னால புரியும்.

பிரெட்போர்டுக்கு ஜம்பர் ஒயர் தனியா வாங்க வேண்டாம். லேன் கேபிள் ஒரு மீட்டர் வாங்கி உரிச்சா உள்ள எட்டு கம்பி இருக்கும். கம்பி ஒற்றை இழையா இருக்கான்னு பார்த்து வாங்குங்க, பல இழை போட்ட பேட்ச் கார்டு துளைக்குள்ள நிக்காது. இன்னொண்ணு: சில பிரெட்போர்டுல ஓரத்து சப்ளை வரிசை நடுவுல அறுந்திருக்கும், சிவப்புக் கோடும் அங்க விட்டிருக்கும். கட்டுறதுக்கு முன்னாடி மீட்டர்ல பீப் (இணைப்பு இருந்தா ஒலிக்கிற நிலை) வச்சுப் பார்த்துடுங்க.

#3 ஓம்_அக்கா

பாலிடெக்னிக் ஆய்வகத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன். டெல்டா தம்பி, உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. "ஏன் 10கே" என்று கேட்கத் தோன்றிய நாளிலேயே நீங்கள் அடுத்த நிலைக்கு வந்துவிட்டீர்கள். இனி வேண்டியது ஒரே ஒரு பழக்கம். சர்க்யூட்டுக்கு மின்சாரம் கொடுப்பதற்கு முன், ஒவ்வொரு முக்கியமான புள்ளியிலும் எத்தனை வோல்ட் வரும் என்று நோட்டில் எழுதுங்கள். பிறகு அளந்து பக்கத்தில் எழுதுங்கள். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில்தான் உங்கள் பாடம் இருக்கிறது.

முதல் புராஜெக்டாக ஒரு பவர் சப்ளை கட்டுங்கள். 12 வோல்ட் 1 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர், நான்கு 1என்4007, ஒரு ஃபில்டர் கண்டென்சர், எல்எம்317. வாழ்நாள் முழுக்கப் பயன்படும், கணக்குப் போட நிறைய இடமும் இருக்கும்.

12 வோல்ட் என்பது ஆர்எம்எஸ், அதாவது ஏசியின் பயனுறு அளவு. உச்சம் 12 × 1.414, அதாவது 17. நான்கு டையோடும் சேர்ந்து ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜில் ஒரே நேரத்தில் இரண்டு டையோடு வேலை செய்யும், லோடில் இரண்டுக்குமாக 1.8 வோல்ட் வரை போகும். மீதி 15 சொச்சம். அடுத்து ரிப்பிள், அதாவது டிசியில் மிஞ்சி நிற்கும் ஏற்ற இறக்கம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பிரிட்ஜுக்குப் பிறகு 100. ரிப்பிள் = மின்னோட்டம் ÷ (100 × கண்டென்சர் மதிப்பு). அரை ஆம்பியர் எடுத்தால் 1000 மைக்ரோவில் 5 வோல்ட் ரிப்பிள்! கண்டென்சர் முழு அரைச்சுற்றும் காலியாவதில்லை என்பதால் நிஜத்தில் 4 வோல்ட் அளவில் இருக்கும்.

இப்போது "ஏன் இந்த ரெசிஸ்டர்" கேள்வி. எல்எம்317-ன் வெளியீடு 1.25 × (1 + ஆர்2/ஆர்1). ஆர்1, ஆர்2 என்பவை வெளியீட்டை நிர்ணயிக்கும் இரண்டு ரெசிஸ்டர்கள். எல்லா வீடியோவிலும் ஆர்1-க்கு 240 ஓம் போடுவார்கள். அந்த மதிப்பில் ரெசிஸ்டர் வழியாக ஓடுவது 5.2 மில்லி ஆம்பியர். அது எல்எம்117 என்ற விலை கூடிய அண்ணனுக்குப் போதும். எல்எம்317-க்கு ரெகுலேஷன் நிலையாக இருக்கக் குறைந்தபட்ச லோடு 10 மில்லி ஆம்பியர் வரை தேவைப்படலாம் என்று டேட்டாஷீட் சொல்கிறது. ஆகவே 120 ஓம் போடுங்கள், 10.4 கிடைத்துவிடும். ஆர்2-க்கு 1கே பிரிசெட் வைத்தால் 1.25-லிருந்து 11.7 வரை திருப்பலாம். ஒரு ரெசிஸ்டரின் மதிப்புக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது, அது தெரிந்தபின் அதை மறக்கவே முடியாது.

#4 பழைய_வால்வு

வால்வு ரேடியோ காலத்துலேருந்து பெஞ்சுல உக்காந்தவன் நான். அக்கா சொன்னது அத்தனையும் சரி. 230 வோல்ட் பக்கம் கை வைக்கிறதுக்கு முன்னாடி நாலு வார்த்தை கேட்டுக்கோ தம்பி.

டிரான்ஸ்ஃபார்மரோட பிரைமரி பக்கத்தை பிரெட்போர்டுல கொண்டுவராதே. மூடின டப்பாவுக்குள்ள வை, 250 மில்லி ஆம்பியர் ஃபியூஸ் போடு, மூட்டுக்கு மேல ஸ்லீவ் மாட்டு. முதல் தடவை ஆன் பண்றப்ப சீரிஸ் பல்பு வழியா கொடு. 60 வாட் குண்டு பல்பு, இழை இருக்கிற பழைய பல்புதான் வேணும், எல்ஈடி பல்பு இதுக்கு ஆகாது. எல்லாம் சரின்னா பல்பு இருட்டாவே கிடக்கும். எங்கயாவது ஷார்ட்னா பல்பு பளிச்சுன்னு எரியும், உன் டிரான்ஸ்ஃபார்மர் தப்பிக்கும். இது எங்க கடைகள்ல டிவி மெக்கானிக் எல்லாரும் வச்சிருந்த ஏற்பாடு. இன்னிக்கும் அதுக்கு மிஞ்சின காவல் இல்ல.

வீட்டு மெயின் போர்டுல 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தா சப்ளையை அறுக்கிற சுவிட்ச்) இருக்கான்னு பாரு. இல்லன்னா முதல் மாச ஆயிரம் ரூபாயை அதுக்கு ஒதுக்கு. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாம கண்டென்சரை வச்சு நேரா மெயின்ஸ்லேருந்து 5 வோல்ட் எடுக்கிற சர்க்யூட் இணையத்துல நிறைய திரியுது. அதைக் கையால தொடற எதுக்கும் கட்டாதே. வெளியீடு 5 வோல்ட்டா இருந்தாலும் அந்த ஒயர் பூமியைப் பொறுத்து 230-ல நிக்கலாம்.

#5 கோவை_ஓசிலேட்டர்

கொஞ்சம் மாறுபடுறேன். இன்னைக்கு 12 வோல்ட் அடாப்டர் எல்லார் வீட்டுலயும் கிடக்கு, பக் மாடியூல் (வோல்ட்டேஜைக் குறைக்கிற ரெடிமேட் போர்டு) சல்லிசா கிடைக்குது. 2 ஆம்பியரை 90 சதவீதத் திறன்ல கொடுக்கிற காலத்துல டிரான்ஸ்ஃபார்மரும் எல்எம்317-ம் எதுக்கு? ஒரு பிகினர் முதல்லயே மெயின்ஸ்ல கை வைக்கணும்னும் அவசியம் இல்ல.

நான் சொல்ற வழி: முதல்ல சிமுலேட்டர், அதாவது சர்க்யூட்டை கம்ப்யூட்டர்லயே ஓட்டிப் பார்க்கிற மென்பொருள். பிரவுசர்லயே ஓடுற ஃபால்ஸ்டாட் சிமுலேட்டர் இருக்கு, மின்னோட்டம் புள்ளி புள்ளியா ஓடுறதைக் கண்ணால பார்க்கலாம். எல்டிஸ்பைஸ் இலவசம். மதிப்பை மாத்தி மாத்திப் பார்த்துப் புரிஞ்சுக்கிட்டு அப்புறம் கட்டினா பார்ட்ஸ் வீணாகாது. கட்டுறதும் டிரான்சிஸ்டர் ஆம்ப், ஆப்-ஆம்ப் ஃபில்டர்னு சிக்னல் பக்கம் போகணும். அங்கதான் சுவாரசியமே.

#6 ஓம்_அக்கா

கோவை தம்பி, மெயின்ஸ் பற்றிய உங்கள் எச்சரிக்கையை ஏற்கிறேன். பயமாக இருந்தால் அடாப்டரிலிருந்தே ஆரம்பிக்கலாம், அவமானம் ஏதுமில்லை. சிமுலேட்டரையும் நான் மாணவர்களுக்குத் தடுத்ததில்லை. ஆனால் அதற்குள் எல்லா பிசி547-ம் ஒன்றுபோலவே இருக்கும். ரிச்சி_வாசி இரண்டு கடையில் வாங்கச் சொன்னது அதனால்தான். டெல்டா தம்பி, இதைச் செய்து பாருங்கள்.

9 வோல்ட் சப்ளை. டிரான்சிஸ்டரின் மூன்று கால்கள் கலெக்டர், பேஸ், எமிட்டர். பிசி547, கலெக்டரில் 2.7கே, எமிட்டர் நேராக கிரவுண்டில், பேஸுக்கு சப்ளையிலிருந்து ஒரே ஒரு 1.8 மெக். பேஸ் மின்னோட்டம் 4.6 மைக்ரோ ஆம்பியர். பி வகை பிசி547-ன் மின்னோட்டப் பெருக்கம் 200-லிருந்து 450 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். 200 என்றால் கலெக்டரில் 6.5 வோல்ட், 450 என்றால் 3.4. டிரான்சிஸ்டரை மாற்றி மாற்றிச் செருகிக் கலெக்டர் வோல்ட்டேஜை எழுதுங்கள். அப்புறம் ஒன்றை விரல்களால் இறுகப் பிடித்துக்கொண்டு மீட்டரைப் பாருங்கள். கலெக்டர் வோல்ட்டேஜ் மெல்ல மெல்லக் கீழே இறங்கும், விட்டால் திரும்ப ஏறும். உங்கள் உடம்புச் சூடே அதற்குப் போதும்.

அடுத்து அதே டிரான்சிஸ்டர்களை வேறு விதமாகக் கட்டுங்கள். பேஸுக்கு மேலே 33கே, கீழே 10கே. எமிட்டரில் 1கே. கலெக்டரில் அதே 2.7கே. பேஸில் 2.1, எமிட்டரில் 1.4, கலெக்டரில் 5.1 என்று கணக்கு வரும். இப்போது எதை மாற்றிச் செருகினாலும், எவ்வளவு நேரம் பிடித்தாலும் கலெக்டர் கிட்டத்தட்ட அசையாது. அந்த 1கே என்ன வேலை செய்கிறது என்று அப்போது உங்கள் விரலுக்கே தெரியும்.

அந்த 1கே-வுக்கான விலையும் உண்டு. சிக்னலுக்குக் கிடைக்கும் பெருக்கம் 2.7 மட்டுமே. எமிட்டருக்கு இணையாக 100 மைக்ரோ கண்டென்சர் ஒன்றைப் போட்டால் 150-க்குத் தாவும், கூடவே ஒலியில் கரகரப்பும் சேரும். ஏன் என்று அப்போது பேசுவோம்.

#7 நல்லூர்_டையோடு

வணக்கம், நான் யாழ்ப்பாணத்தில இருந்து. ஸ்கோப் பற்றிக் கேட்டிருந்தீங்கள். ஆரம்பத்தில மல்டிமீட்டரே போதும். டிசி அளவு எல்லாம் சரியா வந்தால், பாதிச் சர்க்யூட் தன்பாட்டில வேலை செய்யும்.

அலை வடிவத்தைப் பாக்க வேணுமெண்டால் மடிக்கணினியின்ர மைக் இன்புட்டைப் பாவிக்கலாம். கிட்டத்தட்ட 20 ஹெர்ட்ஸில இருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் தெரியும், டிசி தெரியாது. நேரா குத்தக் கூடாது, 100கே-யும் 1கே-யும் வைச்சுப் பிரிச்சு உள்ளுக்கு விடுங்கோ, ரெண்டு 1என்4148-ஐ எதிரும் புதிருமாப் போட்டால் இன்னும் காவல். சார்ஜரைக் கழட்டிப்போட்டு பற்றரியில மட்டும் ஓட விடுங்கோ. நான் இப்பிடித்தான் கன காலம் வேலை செய்தனான்.

பிறகு காசு சேர்ந்தால் டிஎஸ்ஓ138 எண்டு ஒரு கிட் இருக்கு, நாங்களே சால்டர் பண்ணலாம். 200 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும்தான் பாக்கலாம், ஓடியோவுக்கும் பவர் சப்ளைக்கும் அது தாராளம்.

பெரிய மேசை ஸ்கோப் வாங்கினால் ஒரு கவனம். புரோபின்ர கிரவுண்ட் கிளிப் மெயின்ஸ் எர்த்தோட நேரடித் தொடர்பில இருக்கும். கண்ட இடத்தில கொழுவினால் அந்த இடம் எர்த்துக்கு ஷோர்ட். எஸ்எம்பிஎஸ்ஸின்ர (சுவிட்சிங் பவர் சப்ளை) பிரைமரிப் பக்கம், அதாவது மெயின்ஸ் பக்கம், கொழுவினால் வெடிதான்.

#8 டெல்டா_ரிலே

மன்னிக்கணும், அறுவடை நேரம், மண்டியில வேலை. இப்பதான் எழுத முடிஞ்சுது.

அக்கா சொன்ன பவர் சப்ளையைக் கட்டிட்டேன். ஐயா சொன்ன மாதிரி டப்பா, ஃபியூஸ், சீரிஸ் பல்பு எல்லாம் வச்சு. ஃபில்டர் 1000 மைக்ரோ. பிரிசெட்டைத் திருப்பி 9.0 வச்சேன். அப்பா கட்டில் பக்கத்துல வைக்க டிடிஏ2003 ஐசியில ஆடியோ ஆம்ப் ஒண்ணு கட்டி இந்த சப்ளையில ஓட்டுறேன். பகல்ல அருமையா பாடுது.

சாயங்காலம் ஏழு மணிக்கு மேல வால்யூமைக் கூட்டினா "ம்ம்ம்"னு ஒரு ஹம் வருது. குறைச்சா போயிடுது. அடுத்த நாள் காலையில எவ்வளவு கூட்டினாலும் ஹம் இல்ல. ராத்திரி திரும்ப வருது. ஒரு ஒயரும் மாத்தல. ஆம்ப் போர்டுல சந்தேகப்பட்டு இன்புட்டை ஷார்ட் பண்ணி, கவச ஒயர் போட்டு எல்லாம் பார்த்துட்டேன்.

#9 கோவை_ஓசிலேட்டர்

கிரவுண்ட் லூப்பா (கிரவுண்ட் ஒயர் ரெண்டு வழியில சேர்ந்து வளையமாகிறது) இருக்கும். ஸ்பீக்கர் கிரவுண்டும் இன்புட் கிரவுண்டும் எங்க சேருதுன்னு படம் போடுங்க. ஸ்டார் கிரவுண்ட் (எல்லா கிரவுண்டும் ஒரே புள்ளியில) பண்ணிப் பாருங்க.

#10 பழைய_வால்வு

கிரவுண்ட் லூப்புக்குப் பகல் ராத்திரி தெரியாது. நேரத்தைப் பார்த்து வர்ற வியாதின்னா லைனைத்தான், அதாவது மெயின்ஸ் வோல்ட்டேஜைத்தான், முதல்ல பார்க்கணும். தம்பி, மெயின்ஸ் சாக்கெட்ல மீட்டரை விட வேண்டாம், டிரான்ஸ்ஃபார்மரோட 12 வோல்ட் பக்கத்துல ஏசி வச்சுப் பாரு. லைன் இறங்கினா அதுவும் அதே விகிதத்துல இறங்கும். மத்தியானம் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை.

#11 ஓம்_அக்கா

ஐயா சொன்னதோடு இன்னும் இரண்டு அளவு வேண்டும். ஆம்பைக் கழற்றிவிட்டு வெளியீட்டில் 18 ஓம் 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டரை லோடாக மாட்டுங்கள், 9 வோல்ட்டில் சரியாக அரை ஆம்பியர் எடுக்கும். சூடாகும், கையை வைக்காதீர்கள். ஃபில்டர் கண்டென்சரின் மேலும், எல்எம்317 வெளியீட்டிலும் டிசி, ஏசி இரண்டையும் எழுதுங்கள்.

படிக்கும் மற்றவர்களுக்கு: மலிவான மஞ்சள் மீட்டர்களில் ஏசியின் மிகச் சிறிய ரேஞ்சே 200 வோல்ட்தான். டிசி கலந்திருந்தால் ஏசியில் தப்பான எண்ணையும் காட்டும். மீட்டர் முனைக்குத் தொடராக 1 மைக்ரோ பாலியஸ்டர் கண்டென்சர் ஒன்றைப் போட்டு டிசியைத் தடுத்துவிட்டு அளக்க வேண்டும். டெல்டா தம்பியின் ஆட்டோ ரேஞ்ச் மீட்டரிலும் அப்படியே செய்து ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்வது நல்லது.

#12 டெல்டா_ரிலே

அளந்துட்டேன். 18 ஓம் லோடோட:

மத்தியானம் 2 மணி: டிரான்ஸ்ஃபார்மர் ஏசி 12.1. ஃபில்டர் கண்டென்சர்ல டிசி 13.5, ஏசி 1.2. வெளியீடு டிசி 9.02, ஏசி 0.

ராத்திரி 7.30: டிரான்ஸ்ஃபார்மர் ஏசி 10.6. ஃபில்டர்ல டிசி 11.3, ஏசி 1.2. வெளியீடு டிசி 8.6, ஏசி 0.5.

லைன் இறங்குதுன்னு தெரியுது. ஆனா ஒரு சந்தேகம். ராத்திரியும் எல்எம்317-க்கு 11.3 போகுது. 9 வேணும்னா 2 வோல்ட் அதிகம் இருந்தா போதும்னு படிச்சேன். 11.3 போதுமே, அப்புறம் ஏன் 8.6?

#13 ஓம்_அக்கா

மிக நல்ல கேள்வி. இந்த இழையில் நான் எதிர்பார்த்துக் காத்திருந்த கேள்வி இதுதான்.

11.3 என்பது சராசரி. மீட்டர் சராசரியைத்தான் காட்டும். எல்எம்317-க்குச் சராசரி தெரியாது, அந்தந்த நொடியில் தனக்குக் கிடைப்பது மட்டுமே தெரியும்.

கண்டென்சரின் மேல் இருக்கும் அலை ரம்பப் பல் போன்றது. அந்த வடிவத்துக்கு ஏசி அளவை 3.5-ஆல் பெருக்கினால் மேலிருந்து கீழ் வரையான முழு ஏற்ற இறக்கம் கிடைக்கும். 1.2 × 3.5 = 4.2. அதில் பாதி மேலே, பாதி கீழே.

பகலில்: 13.5 − 2.1 = 11.4. பள்ளத்தின் அடியிலும் 11-க்கு மேல். எல்எம்317 சமாளிக்கிறது, நூலிழையில்.

இரவில்: 11.3 − 2.1 = 9.2. பள்ளத்தில் வெளியீட்டுக்குக் கிடைப்பது 9.2 − 2 = 7.2 மட்டுமே. ஒவ்வொரு பள்ளத்திலும் வெளியீடு 9-லிருந்து 7.2 வரை விழுந்து எழுகிறது, நொடிக்கு 100 முறை. அதுதான் உங்கள் "ம்ம்ம்". வால்யூமைக் குறைத்தால் ஆம்ப் எடுக்கும் மின்னோட்டம் குறையும், ரிப்பிளும் குறையும், பள்ளம் 11-க்கு மேலே வந்துவிடும். ஹம் போய்விடும்.

உங்கள் 8.6-ம் 0.5-ம் இதோடு அழகாகப் பொருந்துகின்றன. நோட்டில் படமாக வரைந்து பாருங்கள்: 9-ல் நேர்கோடு, சுற்றில் ஏறக்குறைய நாற்பது சதவீத நேரம் முக்கோணமாக 7.2 வரை ஒரு சரிவு. சராசரி 8.6 வரும். அலைவடிவத்தை மீட்டரின் இரண்டு எண்களிலிருந்தே மனக்கண்ணில் பார்த்துவிட்டீர்கள். ஸ்கோப் இல்லாமல் முடியுமா என்று முதல் பதிவில் கேட்டிருந்தீர்களே!

மாற்ற வேண்டியது ஒன்றுதான், அது எது என்று நீங்களே சொல்லுங்கள். மாற்றுவதற்கு முன் என்ன அளவு வரும் என்றும் எழுதுங்கள்.

#14 டெல்டா_ரிலே

ஃபில்டர் கண்டென்சர். 4700 மைக்ரோ. ஃபார்முலாவுல ரிப்பிள் 0.5 ÷ (100 × 0.0047) = 1.06, நிஜத்துல 0.9 அளவுக்கு வரும். ராத்திரி உச்சம் 13.2-ன்னு வச்சா பள்ளம் 12.3, தேவை 11. எனவே ஹம் வரக்கூடாது. மீட்டர் ஏசியில 0.9 ÷ 3.5, சுமார் 0.26 காட்டணும்.

மாத்திட்டு ராத்திரி எட்டு மணிக்கு அளந்தேன். டிரான்ஸ்ஃபார்மர் 10.7, ஃபில்டர்ல டிசி 12.6, ஏசி 0.3. வெளியீடு 9.01, ஏசி 0. ஆம்பை மாட்டி முழு வால்யூம் வச்சேன். ஹம் சுத்தமா இல்ல. அப்பா பழைய நாகஸ்வர கேசட்டை எடுத்துக் கொடுத்து இதைப் போடுன்னாரு.

எழுதின எண்ணும் அளந்த எண்ணும் பக்கத்துப் பக்கத்துல நிக்கிறதைப் பார்க்கிற சந்தோஷத்தை இதுவரைக்கும் எந்த வீடியோவும் எனக்குக் கொடுத்ததில்ல.

இப்ப புதுசா ஒண்ணு. மறுநாள் மத்தியானம் 18 ஓம் லோடுல கால் மணி நேரம் ஓட விட்டா வெளியீடு திடீர்னு விழுது, கொஞ்ச நேரத்துல தானா வருது. எல்எம்317 தொட முடியாத சூடு. முன்னாடி இப்படி விழுந்ததில்ல.

#15 ரிச்சி_வாசி

ஹீட்சிங்க் (சூட்டை வெளியேத்துற உலோகத் தகடு) இல்லாம ஓட்டுறீங்களா? உங்க எண்களையே வச்சுப் பாருங்க. பழைய கண்டென்சர்ல மத்தியானம் 13.5 இருந்துது, 9 போக 4.5, அரை ஆம்பியருக்கு 2.25 வாட். இப்ப பள்ளம் நிரம்பினதால சராசரி ஏறியிருக்கும், 14.8 பக்கம் இருக்கும். 5.8 × 0.5 = 2.9 வாட். ஹம்மைப் போக்கினீங்க, அந்த சூடு ஐசிக்கு வந்துடுச்சு.

அந்த அளவு ஐசி வெறுமனே நின்னா வாட்டுக்கு சுமார் 50 டிகிரி ஏறும். 2.9 வாட்டுக்கு 145, அதோட மேல மன்னார்குடி வெயில். உள்ள வெப்பக் காவல் இருக்கிறதால தானா அணைஞ்சு தப்பிச்சுக்குது. வேற பொருளா இருந்தா செத்திருக்கும்.

வெளியீட்டை 5 வோல்ட்டுக்குக் குறைச்சு அதே அரை ஆம்பியர் எடுத்தா சூடு இன்னும் கூடும், குறையாது. மீதி வோல்ட் முழுக்க ஐசி தலையிலதான்.

ஹீட்சிங்க் மாட்டும்போது மைக்கா ஷீட்டும் ஸ்க்ரூவுக்கு பிளாஸ்டிக் புஷ்ஷும் போடுங்க. எல்எம்317-ன் முதுகுத் தகடு வெளியீட்டுக் காலோட சேர்ந்தது. 7805 பழக்கத்துல பலர் அதை நேரா டப்பாவுல முடுக்கிடுவாங்க, 7805-க்கு முதுகு கிரவுண்ட். மாட்டி முடிச்சதும் தகட்டுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவுல பீப் வரக்கூடாது.

#16 கோவை_ஓசிலேட்டர்

எல்டிஸ்பைஸ்ல இதைப் போட்டுப் பார்த்தேன். சோர்ஸை 12-லேருந்து 10.6 ஆக்கினதும் அக்கா சொன்ன முக்கோணப் பள்ளம் அப்படியே வந்துச்சு. அக்கா கணக்கு அசத்தல்.

ஒண்ணு ஒத்துக்கிறேன், ராத்திரியில 10.6 ஆகும்னு எனக்கு சிமுலேட்டர் சொல்லியிருக்காது, டெல்டா அளந்து சொன்ன பிறகுதான் அந்த எண்ணையே போடத் தோணுச்சு. ஆனா இப்ப அது ரொம்பப் பயன்படுது. லைன் எவ்வளவு இறங்கினா ஹம் திரும்ப வரும்னு ஒரு நிமிஷத்துல ஓட்டிப் பார்த்துட்டேன், 4700-ல கிட்டத்தட்ட 185 வோல்ட் வரைக்கும் தாங்குது. டெல்டா, நீங்களும் உங்க அளவுகளை அதுல போட்டுப் பாருங்க.

#17 பழைய_வால்வு

டிரான்ஸ்ஃபார்மர்ல 1 ஆம்பியர்னு எழுதியிருக்குன்னு டிசியிலயும் 1 ஆம்பியர் இழுத்துடாதே தம்பி. பிரிட்ஜும் பெரிய கண்டென்சரும் போட்டா மின்னோட்டம் உச்சத்துல மட்டும் குபுக் குபுக்குன்னு பாயும். அந்த வைண்டிங் சூடாகாம இருக்கணும்னா டிசியில 0.6 ஆம்பியரோட நிறுத்திக்கோ. ஒரு மணி நேரம் ஓட விட்டு, அணைச்சு, பிளக்கைப் பிடுங்கிட்டு டிரான்ஸ்ஃபார்மரைத் தொட்டுப் பாரு. கை வைக்க முடிஞ்சா சரி.

#18 டெல்டா_ரிலே

ஹீட்சிங்க், மைக்கா, புஷ் எல்லாம் மாட்டியாச்சு. பீப் இல்ல. ஒரு மணி நேரம் ஓடுச்சு, டிரான்ஸ்ஃபார்மர் மிதமான சூடு.

பிசி547 சோதனையும் செஞ்சேன். ஒரே ரெசிஸ்டர் பயாஸ்ல (பயாஸ்னா சிக்னல் இல்லாதப்ப நிக்கிற டிசி நிலை), ஒரு கடை டிரான்சிஸ்டர் எல்லாம் 4.6-லேருந்து 5.2-க்குள்ள, இன்னொரு கடையோடது 3.7 பக்கம். விரலால பிடிச்சா இறங்குது. 1கே எமிட்டர் போட்டதும் ரெண்டு கடையும் 5.1, 5.0-ன்னு ஒரே வரிசையில வந்து நின்னுடுச்சு. ரொம்ப நேரம் அதையே மாத்தி மாத்திச் செருகிட்டு இருந்தேன்.

அடுத்தது எல்எம்358 வச்சு மைக் ப்ரீஆம்ப், இதே 9 வோல்ட்ல. இந்தத் தடவை கட்டுறதுக்கு முன்னாடியே எழுதிட்டேன், சரியான்னு பாருங்க. இணையத்துல எல்லாரும் ரெண்டு 10கே போட்டு 4.5-ல பயாஸ் வைக்கிறாங்க. டேட்டாஷீட்ல பார்த்தா எல்எம்358 வெளியீடு சப்ளைக்கு 1.5 வோல்ட் கீழ வரைக்கும்தான் ஏறும், இறங்கறப்ப கிட்டத்தட்ட 0 வரை போகும். அப்ப மேல 7.5, கீழ 0. நடு 3.75. 4.5-ல வச்சா மேல் பக்கம் சீக்கிரம் வெட்டுப்படும். அதனால மேல 14கே மாதிரி ஒண்ணு வேணும்: 12கே-யும் 2.2கே-யும் தொடரா, கீழ 10கே. 3.72 வருது. பெருக்கம் 100 வைக்கலாம்னு இருக்கேன்.

#19 ஓம்_அக்கா

பயாஸ் கணக்கு முழுக்கச் சரி. அந்த 10கே-வுக்கு இணையாக 10 மைக்ரோ கண்டென்சர் ஒன்றைப் போடுங்கள், சப்ளையின் இரைச்சல் இன்புட்டில் ஏறாது. ஐசி காலுக்குப் பக்கத்திலேயே ஒரு 104.

பெருக்கம் 100-ஐ ஒரே நிலையில் வைக்க வேண்டாம். எல்எம்358-ன் பெருக்கத்தையும் அது எட்டும் அதிர்வெண்ணையும் பெருக்கினால் 1 மெகாஹெர்ட்ஸ் அளவில் நிற்கும். 100 என்றால் 10 கிலோஹெர்ட்ஸோடு முடிந்துவிடும், பேச்சுக்குப் போதும், நாகஸ்வரத்துக்குப் போதாது. உள்ளே இரண்டு ஆப்-ஆம்ப் இருக்கிறதே, 10, 10 என்று பிரியுங்கள்.

இன்னொரு விஷயம், அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நீண்ட நேரம் தேடுவீர்கள். இந்த ஐசியின் வெளியீடு மின்னோட்டத்தை வெளியே தள்ளுவதிலிருந்து உள்ளே இழுப்பதற்கு மாறும் இடத்தில் சின்னதாக ஒரு நொண்டல் வரும், மெல்லிய ஒலியில் கரகரவென்று கேட்கும். வெளியீட்டிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு ரெசிஸ்டர் போட்டால் அடங்கும். 10கே-வில் ஆரம்பித்து, போதவில்லை என்றால் 4.7கே. முதலில் அது இல்லாமல் கட்டிக் கேளுங்கள், பிறகு போட்டுக் கேளுங்கள்.

#20 நல்லூர்_டையோடு

ப்ரீஆம்ப் கட்டினதும் அந்த நொண்டலை மைக் இன்புட்டில எடுத்துப் படமாப் போடுங்கோ டெல்டா. ஒரு கிலோஹெர்ட்ஸ் சைன் அலையை ஃபோனில இருந்தே விடலாம். ரெசிஸ்டர் இல்லாமல் ஒரு படம், போட்டு ஒரு படம்.

#21 டெல்டா_ரிலே

சரிங்க. ஞாயித்துக்கிழமை மண்டி லீவு, அன்னிக்கு ரெண்டு படமும் போடுறேன். 4.7கே போட்டா வெளியீட்டுக் காலிலேருந்து டிசியில 3.72 ÷ 4.7கே, 0.8 மில்லி ஆம்பியர் கூடுதலா போகணும். அதையும் அளந்து எழுதுறேன்.